ஜோடி சேர்ந்தால் விலை

காரைக்குடி செக்காலையில் வீட்டின் முன்னறையையே கடையாக வைத்திருக்கும் அந்தப் பழம்பொருள் வியாபாரியிடம் "துப்பாக்கிச் சாமான் ஏதாச்சும் இருக்கா?" என்று யாராவது கேட்டு வந்தால், முதலில் வரும் பதில் "இல்லை" தான். அடுத்து ஒரு காபி வரும். காபி ஆறுவதற்குள் வந்தவர் எந்த ஊர், யார் சொல்லி வந்தார், எதற்குக் கேட்கிறார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். அதன் பிறகும் பெரும்பாலும் "இல்லை" தான். மங்குத் தட்டு, பித்தளைப் பூட்டு, ரவிவர்மா படம் என்று கேட்டால் கடையையே பிரித்துப் போட்டுக் காட்டுகிற மனிதர், இந்த ஒரு சாமானில் மட்டும் வாயை இறுக்கிக்கொள்கிறார். ஈயக்குண்டு வார்க்கும் அச்சு, தோட்டா கட்டும் கைக்கருவி, கரிமருந்துக் குப்பி ஆகியவற்றுக்கு விலை சொல்லத் தெரிந்தவர்கள் இந்த வட்டாரத்தில் குறைவு. எதை விற்கக்கூடாது என்று தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. அவரிடம் ஆட்கள் தேடி வருவது இரண்டாவது காரணத்துக்காக.

காரைக்குடியில் பழம்பொருள் என்றால் முனீஸ்வரன் கோவில் தெருவைத்தான் கைகாட்டுவார்கள். அந்தத் தெரு உருவான கதை ஊரறிந்தது. பர்மாவில் லேவாதேவியும் நெல் நிலமுமாக இருந்த நகரத்தார் குடும்பங்களில் பலர் 1942இல் ஜப்பான் படை வந்தபோது கிடைத்த வழியில் ஊர் திரும்பினார்கள். மிச்சமிருந்த தொழில் 1960களில் பர்மா அரசு வங்கிகளையும் வணிகத்தையும் நாட்டுடைமையாக்கியபோது போயிற்று. முகப்பு, வளவு, பட்டாலை, இரண்டாம் கட்டு என்று தெருவிலிருந்து தெருவுக்கு நீண்ட வீடுகள் நின்றன. அவற்றைப் பராமரிக்கும் வருமானம் நிற்கவில்லை. ஒரே வீட்டுக்குப் பங்காளிகள் பெருகினார்கள். பூட்டிக் கிடந்த அறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. தேக்குத் தூணிலிருந்து ஊறுகாய் ஜாடி வரை விலைக்கு வந்தது.

துப்பாக்கி வந்த வழி வேறு. ரொக்கமும் நகையும் புழங்கிய வீடுகள் சிலவற்றில் காவலுக்கென்று உரிமத்தோடு ஒரு துப்பாக்கி இருந்தது. சில வீடுகளில் வேட்டைப் பழக்கமும் இருந்தது. சென்னை மவுண்ட் ரோட்டில் கடிகாரத்துக்குப் பேர்போன பி.ஆர்.அண்ட் சன்ஸ் அந்தக் காலத்தில் தன் பெயர் பொறித்த துப்பாக்கியும் விற்றது. கல்கத்தாவில் மேன்டன், ரோடா என்று பெரிய கடைகள் இருந்தன. 1914 ஆகஸ்ட் 26 அன்று ரோடா கம்பெனிக்குக் கப்பலில் வந்திறங்கிய சரக்கிலிருந்து 50 மவுசர் கைத்துப்பாக்கிகளையும் 46,000 தோட்டாக்களையும் வங்காளப் புரட்சிக்காரர்கள் மாட்டுவண்டியோடு ஓட்டிக்கொண்டு போனார்கள். பழைய பெட்டியின் மூடியில் ரோடா என்ற பெயரைப் பார்த்தால் வியாபாரி இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார். கதையும் சரக்கோடு சேர்த்திதான்.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, வேட்டை நின்றது. உரிமம் வைத்திருந்த பெரியவர் காலமானதும் துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷனுக்கோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ போயிற்று. துப்பாக்கிக்குப் பதிவு உண்டு, எண் உண்டு. அதோடு வந்த அச்சுக்கும் கருவிக்கும் எந்தப் பதிவும் இல்லை. அவை பரணில் தங்கிவிட்டன.

ஒருமுறை வியாபாரி, ஆச்சி ஒருவர் வீட்டுக்குப் பாக்குவெட்டிகளை விலை பேசப் போயிருந்தார். கொட்டானைக் கவிழ்த்துப் பத்தமடைப் பாயில் பரப்பினார் ஆச்சி. குதிரைத் தலை, கிளி மூக்கு, வெறும் இரும்பு என்று வகைவகையாக இருந்தன. அதில் ஒன்றை மட்டும் தனியே தள்ளி வைத்தார்.

"இது பாக்கே வெட்டமாட்டேங்குது தம்பி. எங்க ஆயா காலத்துலேர்ந்து கிடக்கு."

இரண்டு கைப்பிடி, நடுவே ஓர் ஆணி, உருண்ட மூக்கு. அசல் பாக்குவெட்டிதான், வாய் மட்டும் வெட்டாது, கவ்வும். விரித்தால் இரண்டு தாடையிலும் அரைவட்டக் குழி. மூடினால் உச்சியில் ஒரு சிறு துளை. ஆணிக்கு அந்தப் பக்கம், கைப்பிடி தொடங்குமிடத்தில், இரண்டு கூரிய விளிம்புகள் ஒன்றோடொன்று உரசின. ஊற்றிய ஈயம் துளையில் வாலாக நிற்குமே, அதை நறுக்குவதற்கு.

"ஆச்சி, இது துப்பாக்கிக்குக் குண்டு வார்க்கிற அச்சு."

"குண்டா? அய்யய்யோ, எடுத்துக்கிட்டுப் போயிரு தம்பி. காசே வேண்டாம்."

விற்கிறவர் காசு வேண்டாம் என்று சொல்லும்போதுதான் வாங்குகிறவர் விலை சொல்லியாக வேண்டும் என்பது அவர் தொழிலில் வைத்திருக்கும் கணக்கு. இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து மகன் வந்து கேட்பான். அன்றைக்கு அவர் விலையும் சொல்லவில்லை, எடுக்கவும் இல்லை. "துப்பாக்கி எங்க ஆச்சி?" என்று மட்டும் கேட்டார். "அவுக போனதுமே ஸ்டேஷன்ல ஒப்படைச்சாச்சு" என்றார் ஆச்சி. ஒப்படைத்த ரசீது இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. இருந்தது. சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்த தகரப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

ரசீதைக் கேட்டதற்குக் காரணம், இந்தச் சாமானின் விலையே அதன் ஜோடியில்தான் இருக்கிறது.

வாய்வழியாக மருந்து கிட்டித்துச் சுடும் துப்பாக்கிகளின் காலத்தில் ஒரு குழலைப் போல் இன்னொரு குழல் இருக்காது. அதனால் துப்பாக்கி செய்தவரே அதற்குப் பொருந்தும் அச்சையும் கூடவே கொடுத்துவிடுவார். அச்சின் பக்கவாட்டில் ஓர் எண் அடித்திருக்கும்: 12, 16, 20. அது அங்குலமும் இல்லை, மில்லிமீட்டரும் இல்லை. ஒரு பவுண்டு ஈயத்தில் அந்த அளவு உருண்டை எத்தனை வார்க்கலாம் என்ற எண்ணிக்கை. 12 என்றால் பவுண்டுக்கு 12 உருண்டை. ஒன்று சுமார் 38 கிராம், விட்டம் 18.5 மில்லிமீட்டர். 16 என்றால் 28 கிராம், 16.8 மில்லிமீட்டர். எண் கூடக்கூடக் குண்டு சிறுக்கும். இந்தத் தலைகீழ்க் கணக்கு தெரியாத இளம் வியாபாரிகள் '24' என்று அடித்த அச்சைப் பெரிய சாமான் என்று நினைத்துக் கூடுதல் விலை சொல்வதுண்டு. "டுவல் போர்" என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அந்தப் பன்னிரண்டும் இதே பவுண்டு கணக்குதான்.

எண் அழிந்துபோன அச்சு வந்தால் அவர் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றுவார். ஈயம் உருக 327 டிகிரி வேண்டும், வாசமும் புகையும் உடம்புக்கு ஆகாது. அளவு பார்க்க மெழுகே போதும். ஆறியதும் உருண்டையை எடுத்து வெர்னியரில் வைத்தால் விட்டம் தெரிந்துவிடும். துணியில் பொதிந்து இறக்குவதற்காகக் குண்டு குழலைவிடக் கொஞ்சம் சிறியதாகவே இருக்கும். அந்த வித்தியாசத்தையும் கூட்டிக்கொண்டால் எந்தத் துப்பாக்கிக்கான அச்சு என்று ஓரளவு சொல்லிவிடலாம். மெழுகு ஊற்றும் முன் இன்னொரு சோதனை உண்டு. அச்சை மூடி ஜன்னல் பக்கம் பிடிப்பார். இரண்டு தாடையும் சேருமிடத்தில் வெளிச்சக் கீற்று தெரியக்கூடாது. தெரிந்தால் யாரோ உளி வைத்து நெம்பித் திறந்திருக்கிறார்கள், அல்லது குழந்தைகள் கல்லில் தட்டி விளையாடியிருக்கிறார்கள் என்று அர்த்தம். குழியின் உட்புறம் கருநீலம் ஓடியிருந்தால் நிறைய வார்த்த அச்சு. முதலில் ஊற்றும் சில குண்டுகள் அச்சு சூடேறாததால் சுருங்கி வரும். அதனால் பழக்கப்பட்டவர்கள் விளக்குச் சுடரில் காட்டிப் புகை பிடிக்க வைத்துவிட்டுத்தான் ஊற்றுவார்கள். அந்தப் புகைக் கருமை நூறு வருஷத்துக்குப் பிறகும் விரலில் ஒட்டும்.

ஒட்டினால் கையைக் கழுவ வேண்டும். பழைய ஈயத்தின் மேல் பூக்கும் வெள்ளைப் பொடி விஷம். அவர் கடையில் இந்தச் சாமானைத் தொட்ட கையோடு யாரும் முறுக்கு எடுக்க முடியாது.

அச்சு என்று வருவதெல்லாம் குண்டு அச்சும் இல்லை. தொண்டிப் பக்கத்திலிருந்து வருபவற்றில் பாதி, வீச்சு வலைக்கு ஈயமணி வார்க்கும் அச்சு. அதில் நூல் கோக்க நடுவே கம்பி நிற்கும் காடி இருக்கும். குண்டுக்கு அது தேவையில்லை. தட்டார் பட்டறை அச்சுகளில் பூவேலை இருக்கும். மிகவும் ஏமாற்றுவது மருந்துக்கடை அச்சு. பளபளவென்று பித்தளை அல்லது முலாம் பூசிய உலோகம், வரிசையாக ஆறு, பன்னிரண்டு குழிகள், ஒவ்வொன்றும் துப்பாக்கித் தோட்டா முனை மாதிரியே கூராக இருக்கும். வெளிநாட்டுச் சந்தைகளிலும் இதைக் குண்டு அச்சு என்றே விற்றுவிடுகிறார்கள். உண்மையில் அது மலவாயில் வைக்கும் மருந்தை வார்க்கும் அச்சு. அந்த மருந்துக்கு அடிப்படை கோக்கோ வெண்ணெய். உடம்புச் சூட்டிலேயே உருகும். அதனால் அந்த அச்சுக்கு நீளக் கைப்பிடி தேவையில்லை, வால் நறுக்கும் கத்தியும் இல்லை. ஈய அச்சுக்குக் கைப்பிடி நீளம், பல சமயம் மரப்பிடி போட்டிருக்கும். சூடு கைக்கு வரக்கூடாதே. பெங்களூரிலிருந்து வந்த ஒருவர் மேசையில் வைக்க 'தோட்டா அச்சு' ஒன்றை வேறெங்கோ வாங்கிவந்து பெருமையோடு காட்டியபோது, அவர் இந்த விவரத்தைச் சொல்லவா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்தார். சொல்லிவிட்டார். வந்தவர் சிரித்துவிட்டு, "மேசைக்கு வேணாம், டாக்டர் மச்சானுக்குக் குடுத்துர்றேன்" என்றாராம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பறவை வேட்டைக்கான பொடி ரவையை யாரும் அச்சில் வார்ப்பதில்லை. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் வில்லியம் வாட்ஸ் என்பவர் 1782இல் காப்புரிமை பெற்ற முறை அது: உயரத்திலிருந்து சல்லடை வழியாக உருகிய ஈயத்தைச் சொட்டவிட்டால், விழும்போதே உருண்டையாகிக் கீழே தண்ணீரில் இறுகிவிடும். ஆகவே கடுகளவு குழிகளோடு ஓர் அச்சைக் கொண்டுவந்து "காடை சுடுற ரவை அச்சு" என்று யாராவது சொன்னால் அவர் விலை பேசுவதில்லை.

தோட்டா கட்டும் கருவிகள் அடுத்த தலைமுறை. குழலின் பின்பக்கம் திறந்து தோட்டாவைச் செருகும் துப்பாக்கிகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பரவின. சுட்ட தோட்டாவின் கூட்டைத் தூக்கி எறியாமல் மறுபடி கட்டிக்கொள்ளலாம். கடைத்தெரு தொலைவில் இருந்த தோட்டக்காரத் துரைகளுக்கும் ஜமீன்களுக்கும் அது காசு மிச்சம். அதற்கு ஒரு சிறு குடும்பமே வேண்டும். தோட்டாவின் அடியில் பொறி கிளப்பும் 'கேப்' வெடித்த பிறகு அதை வெளியே தள்ள ஒரு ஊசி. புதுக் கேப்பைப் பதிக்க ஓர் அழுத்தி. மருந்துக்கும் ரவைக்கும் அளவுக் கோப்பை. கிட்டிக்க ஒரு மரக்கோல். கடைசியாக, அட்டைத் தோட்டாவின் விளிம்பை உள்ளே சுருட்டி மூட, மேசை ஓரத்தில் திருகி மாட்டும் கைச்சுற்றுக் கருவி. இந்தக் கடைசிக் கருவிதான் செட்டிநாட்டு வீடுகளில் அதிகம் அகப்படுகிறது, அதுவும் சமையலறைச் சாமான்களுக்கு நடுவில். கைப்பிடியைச் சுற்றினால் சுழல்வதால், ஏதோ மிஷினில் உடைந்த பாகம் என்று எடைக்குப் போட எடுத்து வைத்திருப்பார்கள்.

இங்கிலாந்துச் சரக்கில் ஷெஃபீல்டு ஊரின் ஜேம்ஸ் டிக்சன் அண்ட் சன்ஸ், ஹாக்ஸ்லி ஆகிய பெயர்களை அவர் முதலில் தேடுவார். மருந்துக் குப்பியும் தோட்டாக் கருவியும் செய்து உலகம் முழுக்க அனுப்பியவர்கள். அமெரிக்கச் சரக்கு இங்கே அபூர்வம். வந்தால் பெரும்பாலும் அங்கே இருக்கும் பேரன் வாங்கி அனுப்பியது. ஜான் பார்லோ 1884இல் தொடங்கிய ஐடியல் கம்பெனியின் இடுக்கிக் கருவி அவற்றில் பிரபலம். குறடு மாதிரி ஒரே கையில் பிடித்து எல்லா வேலையும் செய்யலாம். சிலவற்றில் நுனியிலேயே குண்டு அச்சும் உண்டு. 1910இல் மார்லின் கைக்குப் போன அந்தக் கம்பெனியை 1925இல் லைமன் வாங்கியது. இலட்சக்கணக்கில் செய்த பொருள், ஆகவே பழசு என்பதற்காக மட்டும் விலை இல்லை. அதில் அடித்திருக்கும் துப்பாக்கி அளவு எது என்பதுதான் கேள்வி. எல்லோரிடமும் இருந்த அளவென்றால் சாதாரண விலை. சீக்கிரம் வழக்கொழிந்த அளவென்றால் சேகரிப்பவர்கள் போட்டி போடுவார்கள்.

அந்தப் பேரன்களால் ஒரு தொந்தரவும் உண்டு. "தாத்தாவோட அச்சு அங்கே இவ்வளவு டாலருக்குப் போட்டிருக்கான்" என்று போனில் படம் அனுப்புவார்கள். போட்டிருப்பது கேட்கும் விலை. முடிந்த விலை வேறு. ஏலக் கம்பெனி விற்றவரிடமும் வாங்கியவரிடமும் கமிஷன் பிடிக்கும். ஏலப் பட்டியலில் அச்சடித்த தொகை முழுதும் விற்றவர் கைக்கு வந்ததாக எண்ணிக்கொள்ளக் கூடாது. படத்தில் இருப்பது மஹாகனிப் பெட்டி, பச்சைத் துணி விரிப்பு, கடைக்காரர் பெயர்ச்சீட்டு, குப்பி, அச்சு, சாவி எல்லாம் அதனதன் பள்ளத்தில் உட்கார்ந்த முழுச் செட். பேரன் கையில் இருப்பது ஒற்றை அச்சு. முழுச் செட்டில் அதே அச்சு ராஜா. வெளியே எடுத்து வைத்தால் நல்ல இரும்பு. தனித்தனியாக விற்ற பாகங்களின் கூட்டுத்தொகை ஒருபோதும் செட்டின் விலையைத் தொடாது. பெட்டியில் ஒரு பள்ளம் காலியாக இருந்தால், அதற்கான பொருளைத் தேடிப் பிடித்து நிரப்புவதற்கென்றே வெளிநாடுகளில் வியாபாரிகள் இருக்கிறார்கள். அளவு பொருந்தாத குப்பியைத் திணித்திருந்தால் துணியில் இரண்டாவது தடம் விழுந்திருக்கும். பழைய தடத்தைப் பார்த்தாலே தெரியும்.

காலம் சொல்வதற்கு அவர் நம்புவது முத்திரையை. வைரக்கட்டம் போன்ற பதிவுக் குறி இருந்தால் இங்கிலாந்தில் 1842க்கும் 1883க்கும் நடுவில் பதிந்த வடிவம். 'ஆர்டி. நம்பர்' என்று எண் மட்டும் இருந்தால் 1884க்குப் பிறகு. நாட்டின் பெயர் அடித்திருந்தால் அநேகமாக 1890க்குப் பின், அமெரிக்கா தன் துறைமுகத்தில் இறங்கும் சரக்கில் நாட்டுப் பெயர் கேட்கத் தொடங்கிய பிறகு. இதே வித்தையைத்தான் மங்குச் சாமானிலும் பயன்படுத்துகிறார். 'செக்கோஸ்லோவாக்கியா' என்று அடியில் இருக்கும் தட்டை, "எங்க கொள்ளுத்தாத்தா 1900இல் கொண்டாந்தது" என்று சொன்னால் அவர் மறுத்துப் பேசமாட்டார். 1918க்கு முன்னால் அப்படியொரு நாடே இல்லை என்பதை விலையில் காட்டிவிடுவார்.

போலியும் உண்டு. மொராதாபாத்திலும் ரூர்க்கியிலும் வார்க்கும் பித்தளைத் தொலைநோக்கி, திசைகாட்டிகளில் லண்டன் கம்பெனிகளின் பெயரைப் பொறித்து விற்பது பழைய கதை. மருந்துக் குப்பிகளிலும் அதே கைவரிசை. உளியால் அடித்த எழுத்தின் ஓரம் கூராக இருக்கும். அச்சிலேயே வார்த்த எழுத்து மழுங்கி இருக்கும். நிஜமான தேய்மானம் கை படும் இடத்தில் மட்டும் தெரியும், போலியில் எல்லா இடமும் ஒரே சீராகத் தேய்ந்திருக்கும். ஒரு குப்பியில் கூட்டல் குறித் தலையோடு திருகாணி இருந்தது. அந்தத் திருகாணி சந்தைக்கு வந்ததே 1930களில். '1860 லண்டன்' என்று பொறித்தவன் திருகாணியைக் கவனிக்கவில்லை.

அவரை உண்மையில் வயிறெரிய வைப்பது போலி அல்ல, புளி. விலை பேச ஆள் வருகிறது என்று தெரிந்ததும் வீட்டில் இருப்பவர்கள் எல்லாவற்றையும் புளி போட்டு விளக்கிப் பளபளவென்று வைத்துவிடுவார்கள். குத்துவிளக்குக்கு அது மரியாதை. மருந்துக் குப்பிக்கு அது இறுதிச் சடங்கு. நூறு வருஷம் படிந்த பழுப்பு ஒரு மணி நேரத்தில் போய்விடும், செய்தவன் பெயரும் பாதி போய்விடும். இரும்பு அச்சை உப்புத்தாளில் தேய்த்துக் கொண்டுவந்தால் மெழுகு ஊற்றிப் பார்க்கக்கூட மாட்டார். செய்ய வேண்டியது ஒன்றுதான்: காய்ந்த துணியால் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு ஆணியில் விட்டு, மெல்லப் பூசி வைப்பது. தேங்காய் எண்ணெய் கூடாது. நாளாக நாளாகப் பிசினாகிவிடும்.

இதுவரை விலை. இனிமேல்தான் சட்டம், அவருடைய "இல்லை"க்குக் காரணம்.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் குண்டு, தோட்டா வகைகளுக்குத் தரும் விளக்கத்துக்குள் அவற்றின் பாகங்களும் அவற்றைச் செய்யும் இயந்திரங்களும் அடங்கும். அவற்றை விற்க உரிமம் வேண்டும். கைக்கு அடக்கமான ஓர் இடுக்கி அச்சு 'இயந்திரம்' ஆகுமா என்று வக்கீல்கள் அழகாக வாதாடலாம். அந்த வாதம் கோர்ட்டில் நடக்கும், கூண்டில் நிற்பது தானாக இருக்கும் என்பது அவர் கவலை. 45ஆவது பிரிவில் சில விலக்குகள் உண்டு. பழுது பார்த்தாலும் சுட முடியாத, வழக்கொழிந்த அல்லது தொன்மை மதிப்புள்ள ஆயுதங்களுக்கு ஒன்று. சிறு பாகங்களுக்கு இன்னொன்று: அதோடு சேரவேண்டிய மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கம் இல்லாமல், அவற்றை ஒருவர் வாங்கினாலும் வைத்திருந்தாலும் எடுத்துச் சென்றாலும் சட்டம் தலையிடாது. ஆனால் விற்பதைப் பற்றி அந்த விலக்கில் பேச்சில்லை.

சேகரிப்பவர் எதற்காக அதிகக் காசு கொடுக்கிறாரோ, அதையே சட்டம் சந்தேகத்தோடு பார்க்கிறது. அச்சு தன் துப்பாக்கியோடு சேர்ந்தால் விலை ஏறும். அதே நேரத்தில் விலக்கும் கைவிட்டுப் போகும். தோட்டாக் கருவி முழுச் செட்டாக இருந்தால் லண்டன் ஏலக்காரர் மகிழ்வார். இங்கே இன்ஸ்பெக்டர் நாற்காலியைப் போடச் சொல்வார். ஆகவே அவர் ஒரு கோடு கிழித்துக்கொண்டார். இன்றைக்கும் தோட்டா கிடைக்கிற துப்பாக்கிக்கான கருவி எதையும் அவர் கடையில் வைப்பதில்லை. உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடம் வீட்டுக்காரரையே நேரில் போகச் சொல்லிவிடுவார். பழங்கால அச்சு என்றால் வக்கீலிடம் காட்டி, வாங்கியவர் கொடுத்தவர் விவரத்தைப் பேரேட்டில் எழுதி, படம் எடுத்து வைத்த பிறகுதான் மேற்கொண்டு பேச்சு.

நூறு வருஷத்தைத் தாண்டிய, வரலாற்றுச் சிறப்புள்ள பொருளுக்கு இன்னொரு சட்டம் காத்திருக்கிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள் வியாபாரத்துக்கு உரிமம் வேண்டும்; தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கினால்தான் பெட்டி கப்பலேறும். பிரெஞ்சுக்காரத் தம்பதி ஒன்று குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கெஞ்சியபோதும் அவர் கொடுக்கவில்லை. பிடியில் தந்தமோ மான்கொம்போ இருந்தால் பேச்சே கிடையாது. அது வனத்துறை விஷயம்.

பிறகு யார்தான் வாங்குகிறார்கள்? சில பொருள்கள் அருங்காட்சியகத்துக்குக் கொடையாகப் போகத் தகுதியானவை. சிவகங்கையில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, 1851இல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதங்களே தனி வரிசையாக இருக்கின்றன. கொடைக்குக் காசு வராது, கொடுத்தவருக்கு ஒரு கடிதம் வரும். காசு வருவது சினிமாவிலிருந்து. செட்டிநாட்டுக்கும் சினிமாவுக்கும் உறவு புதிதல்ல, ஏவி.எம். 1947இல் வெளியிட்ட 'நாம் இருவர்' காரைக்குடி ஸ்டூடியோவில் எடுத்த படம். இப்போதும் பீரியட் படம் என்றால் ஆர்ட் டிபார்ட்மென்ட் ஆட்கள் வந்து இறங்கிவிடுகிறார்கள். அவர்களுக்குக் குப்பியும் காலிப் பெட்டியும் வாடகைக்கு. "வித்தா ஒரு தரம் காசு, வாடகைன்னா சாமான் வீட்டுக்குத் திரும்பி வரும்" என்பார். முன்பணம் மட்டும் கறாராக வாங்கிவிடுவார், படப்பிடிப்பில் காணாமல் போகும் சாமான்களைப் பற்றி அவரிடம் தனிக் கட்டுரையே கேட்டு வாங்கலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பேரம், பேச்சு எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார். குப்பியை ஆட்டும்போது உள்ளே மணல் சரிவதுபோல் சத்தம் வந்தால் அப்படியே கீழே வைத்துவிட்டு எல்லோரையும் வெளியே போகச் சொல்வார். கரிமருந்து ஈரம் படாமல் இருந்தால் எத்தனை வருஷமானாலும் கெடாது. தட்டிப் பார்ப்பது, ஆணியால் குடைவது, வெயிலில் வைப்பது எதுவும் கூடாது. தகரடப்பாவில் செப்புக் கேப்புகள் இருந்தால் இன்னும் மோசம். பழைய கேப்புகளில் பாதரசக் கலவை இருக்கும், ஓர் அழுத்தம் போதும். ஸ்டேஷனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவதுதான் வழி. வீட்டுக்காரர்கள் தயங்குவார்கள், போலீஸ் வந்தால் தெருவே பார்க்குமே என்று. தெரு வீட்டை மட்டும்தான் பார்க்கும், கையைப் பார்க்காது என்று அவர் சொல்வார். விரல் போனவரை அவருக்குத் தெரியும்.

அவருக்கு இப்போது வேலை அதிகமாக வருவது விற்பனையில் அல்ல, பாகப்பிரிவினையில். பங்காளிகள் கூடி உட்கார்ந்து ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு தொகை போடச் சொல்வார்கள்; அந்தத் தொகையை வைத்து யார் எதை எடுப்பது என்று தீர்மானிப்பார்கள். அண்மையில் அப்படி ஒரு வீட்டில் முழுப் பெட்டி ஒன்று வந்தது. மூடியில் சென்னைக் கடையின் பெயர்ச்சீட்டு, பாதி பூச்சி அரித்தது. அச்சு, குப்பி, கேப்பு டப்பா (காலி, நல்லவேளை), திருகுச்சாவி, எண்ணெய்ப் புட்டி எல்லாம் இருந்தன. நடுப் பள்ளம் மட்டும் வெற்றிடம். துப்பாக்கி மதுரையில் ஆயுத வியாபாரி ஒருவரிடம் ஒப்படைப்பில் இருக்கிறது. பெரியவர் போனபிறகு வாரிசு உரிமம் வாங்க யாரும் போகவில்லை. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம் என்பதால், ஏற்கெனவே இரண்டு வைத்திருக்கும் மூத்த பங்காளி இதையும் எடுக்க முடியாது. சென்னையில் இருப்பவருக்கு அச்சு மட்டும் போதும், வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் வைக்க. சிங்கப்பூரில் இருப்பவர் குப்பியைக் கேட்கிறார். அதைக் கொண்டுபோக முடியாது என்று சொன்னதும் கோபம். நாலாவது பங்காளி, எல்லாவற்றையும் எடைக்குப் போட்டு இன்றைக்கே கணக்கை முடிக்கலாம் என்கிறார்.

வியாபாரி தாளில் மூன்று தொகை எழுதினார். பெட்டியும் துப்பாக்கியும் சேர்ந்து, உரிமம் உள்ள ஒருவர் பெயரில் வந்தால் ஒன்று. துப்பாக்கி இல்லாமல் பெட்டி மட்டும் கலையாமல் இருந்தால் இன்னொன்று, முதலாவதில் பாதிக்கும் கீழே. பிரித்து ஆளுக்கொன்றாக எடுத்தால் மூன்றாவது. அதைப் பார்த்ததும் எடைக்குப் போடலாம் என்றவர் தாளைத் திருப்பி வாங்கி மறுபடி படித்தார். "முதல் தொகை வரணும்னா என்ன செய்யணும்?" என்று கேட்டார். உங்களில் துப்பாக்கி உரிமம் இல்லாத ஒருவர் கலெக்டர் ஆபீஸில் வாரிசு உரிமத்துக்கு மனுப் போட வேண்டும், மற்றவர்கள் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும், கிடைக்கிற வரை பெட்டியை யாரும் திறக்கக்கூடாது, புளி போடக்கூடாது என்றார் வியாபாரி. மதிப்பீட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு, ரசீதும் எழுதிக் கொடுத்தார். கையெழுத்துப் போட நாலு பேரில் இரண்டு பேர்தான் அன்றைக்கு ஊரில் இருந்தார்கள்.